கற்றுக்குட்டியின் காசு

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர் ஓர் இளைஞர் பங்கு அலுவலகத்திற்குள் வந்து என் மேசைமீது ஓர் உறையை வைத்தார். மறைக்கல்விக் கூடத்தின் கூரை ஒழுகுவதை முந்தைய ஞாயிறன்று கோவிலில் அறிவித்திருந்தேன். அதற்கான காணிக்கை என்றார். எண்ணிப் பார்த்தேன். அறுபதாயிரம் ரூபாய். எங்கள் பங்கில் அத்தனை பெரிய தொகையை ஒருவரே கொண்டுவந்து கொடுப்பது அரிது. மறைந்த தம் தந்தையின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய விண்ணப்பம்.

"சம்பளப் பணமா தம்பி?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"இல்லை ஃபாதர். சீட்டாட்டத்தில் வந்தது" என்றார். ஒளிக்கத் தெரியாத பிள்ளை.

இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட செய்தியன்று. மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பேசியது. எழுதுவதற்கு அவருடைய இசைவையும் பெற்றிருக்கிறேன். ஆயினும் அவரை இன்னார் என்று வாசகர் அறிய வேண்டிய தேவை இல்லை. பெங்களூரில் கணினிப் பணியில் இருந்தவர். 2020-இல் ஊரடங்கு வந்தபோது வீடு திரும்பி, வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். ரமணாசிரமத்தை ஒட்டிய சந்து ஒன்றில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தார். செங்கம் சாலையின் அப்பகுதியை அறிந்தவர்களுக்கு அது எத்தகைய இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் பல நாட்டவரும் வந்து மாதக்கணக்கில் தங்குவர். ஒருவர் யோகம் பயில்வார். இன்னொருவர் வீணை பயில்வார். வேறொருவர் தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். தமக்குத் தெரிந்ததை விட்டுத் தெரியாததைக் கற்க வந்தவர்களால் நிறைந்த தெருக்கள் அவை. அங்கே மாடியறையில் இருந்துகொண்டு இவர் புதிய சீட்டாட்டங்களைக் கற்றுக்கொண்டிருந்தார்.

முதலில் அவருக்குத் தெரிந்தது போக்கர் எனப்படும் ஆட்டத்தில் ஒரே ஒரு வகை; டெக்சாஸ் ஹோல்டெம் என்பது அதன் பெயர். கல்லூரி விடுதியில் கற்றது. அதில் தேர்ந்த பிறகு, அதன் உறவு ஆட்டங்களான ஓமஹா, ராஸ் ஆகியவற்றைக் கற்றார். ஏன் என்று கேட்டேன். "ஒரே ஆட்டத்தை ஆடினால் கை தானாக ஆடுகிறது ஃபாதர், மூளை தூங்கிவிடுகிறது" என்றார். சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "அதோடு ஓமஹாவில் ஆடத் தெரியாமல் ஆடுகிறவர்கள் அதிகம்" என்றார். அந்த இரண்டாம் காரணந்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

எனக்குப் புரியவில்லை என்றேன். அப்படியானால் ஆடிக் காட்டுகிறேன் என்றார். அலுவலக அலமாரியில் இளைஞர் இயக்கத்தார் விட்டுச்சென்ற சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. சமையல் அம்மாவிடம் கேட்டு ஒரு கிண்ணம் புளியங்கொட்டை வாங்கி வந்தேன். தவக்கால வெள்ளியன்று பங்குத்தந்தை சீட்டாடினார் என்று யாரேனும் குறை சொல்வார்களாயின், புளியங்கொட்டைக்கு ஆடியதை அவர்கள் கருணையோடு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தை எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அரை மணியில் ஓரளவு பிடிபட்டது. பிறகு ஓமஹாவுக்கு மாறினோம். அதில் கையில் நான்கு சீட்டு. ஆனால் அவற்றுள் இரண்டையே, கூடவும் கூடாது குறையவும் கூடாது, எடுக்க வேண்டும். பொதுச் சீட்டில் மூன்றையே சேர்க்க வேண்டும். இவ்வளவுதான் வேறுபாடு. கேட்கும்போது குழந்தைக்கும் விளங்கும்.

ஐந்தாவதோ ஆறாவதோ ஆட்டத்தில் நடுவில் நான்கு ஹார்ட்டின் சீட்டுகள் திறந்து கிடந்தன. என் கையில் ஹார்ட்டின் ஏஸ். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதிலும் மிகப் பெரியது என்னிடம்! கிண்ணத்தில் எஞ்சியிருந்த கொட்டைகள் அனைத்தையும் நடுவில் தள்ளினேன். அவர் சிரிக்கவில்லை, மெதுவாகச் சொன்னார்: "ஃபாதர், கையிலிருந்து இரண்டு எடுக்க வேண்டும். உங்களிடம் ஹார்ட்டின் ஒன்றுதானே இருக்கிறது?" விதியை நான் மறக்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பேன். ஆனால் கண் பழைய ஆட்டத்தின் கண்ணாகவே இருந்தது. அரை மணி நேரப் பழக்கமே இப்படி ஆளுமானால், பத்தாண்டு ஹோல்டெம் ஆடியவர் புதிதாக அங்கே வந்து அமரும்போது என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தப் பிழையை அவர்கள் அன்றாடம் செய்கிறார்கள் என்றார் இளைஞர். இன்னொன்றும் உண்டாம். கையிலுள்ள நான்கு சீட்டை இரண்டிரண்டாக ஆறு விதமாகச் சேர்க்கலாம். ஆதலால் ஹோல்டெமில் வெல்லும் இரட்டை ஜோடி இங்கே பெரும்பாலும் தோற்றுவிடும். பழைய ஆட்டத்தில் நன்கு தேறியவர் அதை நம்பிப் பணம் கட்டுவார். தெரியாததைவிடத் தெரிந்ததே அவரை அதிகம் ஏமாற்றுகிறது. ராஸ் என்பதோ முற்றிலும் தலைகீழ். மிகத் தாழ்ந்த சீட்டுகளே அங்கு வெல்லும். கடைசியானோர் முதன்மையாவதைப் பற்றி ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சீட்டாட்டத்தோடு இணைத்து மறையுரை ஆற்றும் துணிவு எனக்கு இல்லை.

குருமடத்தில் நான் மாணவனாக இருந்த காலமும் நினைவுக்கு வந்தது. ரம்மி ஆடத் தெரியும் என்ற இறுமாப்போடு சென்றவன் நான். அங்கே தென்மாவட்டத் தோழர்கள் முந்நூற்று நாலு ஆடினர். யாழ்ப்பாணத் தமிழரும் விரும்பி ஆடும் ஆட்டம் அது. அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76 வீதம் நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. ஒன்பதைக் கொண்டு ராஜாவை வெட்டலாம் என்பதை என் மனம் ஏற்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் என் கூட்டாளியாக அமர்ந்தவர் என்னால் தோற்றுக்கொண்டே இருந்தார். அவர் இழந்தவை சில மாலைகளும் சிறிது மானமுந்தான். ஆனாலும் நான் கற்றதற்கு விலை கொடுத்தவர் அவரே.

விளையாட்டைத் திருச்சபை ஒருபோதும் பாவமென்று தள்ளியதில்லை. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று நிறுவுகிறார். எப்போதும் நாணேற்றியே வைக்கப்பட்ட வில் முறிந்துவிடும் என்ற பழைய கதையை, புனித யோவானின் வாழ்வில் நிகழ்ந்ததாக எடுத்துரைக்கிறார். புதிய ஆட்டம் கற்பதில் ஓய்வுக்கும் மேலான நன்மை ஒன்று உண்டு என்பது என் எண்ணம். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது மிகவும் தேவை. பங்கில் எவரும் என்னைத் திருத்துவதில்லை. கணக்கர் முதல் பாடகர் குழுவினர் வரை நான் சொல்வதற்குத் தலையசைப்பர். ஹார்ட்டின் ஏஸைப் பிடித்துக்கொண்டு அன்று நான் மூடனாக அமர்ந்திருந்த அந்த ஒரு நிமிடத்தில், பல ஆண்டுகளுக்குப் பின் மாணவனாக இருந்தேன். தான் தேர்ந்தவன் என்ற எண்ணத்தில் எவ்வளவு அறிவு, எவ்வளவு வெறும் பழக்கம் என்பது அப்போதுதான் பிரிந்து தெரிகிறது.

ரமணாசிரமப் பகுதியில் இருந்துகொண்டு இதைப் பேசும் கத்தோலிக்கர் எவரும் சுவாமி அபிஷிக்தானந்தரை நினைக்காமல் இருக்க முடியாது. ஹென்றி லெ சோ என்ற இயற்பெயருடைய பிரெஞ்சுத் துறவி. 1929-இல் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தவர். ஏறத்தாழ இருபது ஆண்டுத் துறவறத்துக்குப் பின் இந்தியா வந்து, 1949 சனவரியில் அருட்தந்தை ஜூல் மோன்ஷானினுடன் ரமணரைக் காண வந்தார். இவ்விருவரே மறு ஆண்டு குளித்தலைக்கு அருகே சாந்திவனத்தை நிறுவியவர்கள். முதல் பார்வையில் தாம் எதிர்பார்த்த எதையும் காணாமல் ஏமாற்றம் அடைந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஆசிரமத்திலிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர், நீர் மிகுந்த மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர் என்னும் பொருள்படக் கடிந்துகொண்டதையும் ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். தேர்ந்த துறவி மீண்டும் அரிச்சுவடிக்குத் திரும்பினார். 1952 முதல் பலமுறை வந்து மலைக்குகைகளில் மௌனமாகத் தங்கினார். அவருடைய இறையியல் முடிவுகள் அனைத்தையும் ஏற்கும் நிலையில் நான் இல்லை. திருப்பலியையும் விடாமல், அருணாசலத்தில் கண்டதையும் விடாமல், இரண்டுக்கும் இடையில் அவர் பட்ட வேதனை அவருடைய நாட்குறிப்பில் விரவிக் கிடக்கிறது. ஆனால் ஒன்று சொல்வேன். அவர் மாணவனானதற்குரிய செலவைத் தாமே செலுத்தினார். வேறு எவரும் அதற்காக ஏழையாகவில்லை.

பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இக்கணக்கு மாறுகிறது. புதிதாகக் கற்பவர் ஒவ்வொரு பிழைக்கும் எதிரில் இருப்பவருக்குக் கட்டணம் செலுத்துகிறார். கற்றுத் தேர்ந்தவர், இனிக் கற்க வருவோரிடம் அக்கட்டணத்தை வசூலிக்கிறார். ஆகவே தெரிந்த ஆட்டத்தை விட்டுப் புதிய ஆட்டத்துக்குச் செல்கிறவர் இரு வேறு எண்ணங்களோடு செல்லக்கூடும். நான் அறியாதவனாக இருந்து பார்ப்பேன் என்று செல்லலாம். அங்கே அறியாதவர்கள் இருப்பார்கள் என்றும் செல்லலாம். கற்கும் விதிகள் ஒன்றே. செல்லும் மனிதர் ஒருவரல்லர்.

நம் நாட்டுச் சட்டம் இத்தனை ஆண்டுகளாக வேறொரு கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறது: இது திறமையின் ஆட்டமா, அதிர்ஷ்டத்தின் ஆட்டமா? 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தை அதிர்ஷ்டத்தின் பக்கம் வைத்தது. இணையவழி ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகள் நாளேடுகளில் தொடர்ந்து வந்தபோது தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது; 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த அடுத்த சட்டம் ஆளுநரின் மறுப்பையும் தாண்டி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் அதே உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை இச்சட்டத்தால் தடுக்க இயலாது என்றது. எங்கள் இளைஞர் உறையோடு வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. "நீதிமன்றமே திறமை என்று சொல்லிவிட்டதே ஃபாதர்" என்பது அவருடைய முதல் வாதம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது. அதனால் திரை அணைந்திருக்கலாம். மொட்டை மாடிகள் அங்கேயேதான் இருக்கின்றன.

பழைய அறநூல் ஆசிரியர்களும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட பக்தி வாழ்வு பற்றிய நூலில், திறமைக்குப் பரிசாகக் கிடைக்கும் வெற்றியை ஒப்புகிறார். குருட்டு வாய்ப்பில் வரும் ஆதாயம் நியாயத்துக்கு ஒவ்வாதது என்று பகடையையும் சீட்டையும் விலக்குகிறார். தகுந்த ஆட்டத்திலும் பெருந்தொகை வைத்தலாகாது என்று அவர் சேர்த்தே சொன்னதை நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் அப்பெரும் புனிதரிடம் பணிவோடு ஓர் ஐயத்தை வைக்கத் தோன்றுகிறது. குருட்டு வாய்ப்பின் முன் இருவரும் சமம். கல்வாரியில் ஆண்டவரின் அங்கிக்குச் சீட்டுப் போட்ட படைவீரர்களுங்கூடத் தங்களுக்குள் ஒருவரையொருவர் வஞ்சிக்கவில்லை. திறமை மிகுந்தவர் திறமையற்றவரை எதிரே அமர்த்தி ஆடும்போது அந்தச் சமநிலை எங்கே? சகுனியின் குற்றம் அவனிடம் திறமை இருந்தது என்பதன்று. ஆட ஆசைப்பட்டு ஆடத் தெரியாத தருமனை அழைத்து வந்தார்களே, அதுதான்.

இதே பாரதத்துள் நளன் கதையும் இருக்கிறது. சூதில் நாட்டை இழந்து, தேரோட்டியாக ஒளிந்து வாழ்ந்தவன், தேரில் சென்ற மன்னனுக்குக் குதிரைகளின் மறையைக் கற்பித்து, அவனிடமிருந்து சூதின் மறையைக் கற்றான். ஒருவர்க்கொருவர் ஆசானும் மாணாக்கருமாக இருந்தார்கள். கற்றதற்கு விலை கற்பித்தலாகவே அமைந்தது. ஆட்டம் கற்பதற்கு இதைவிடத் தூய வழி ஒன்றை நான் அறியேன். ஆனால் நளன் அதை வைத்து மீண்டும் ஆடத்தான் செய்தான். வள்ளுவர் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். சூது அதிகாரத்தை அவர் தொடங்குவதே வென்றாலும் வேண்டாம் என்றுதான்.

இனி அந்த உறைக்கு வருகிறேன். சூதில் வென்ற பணத்தைத் தருமம் செய்யலாமா என்ற கேள்வியைத் தோமா அக்குவினாஸ் நேராகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். குருமடத்தில் அப்பகுதியைப் படித்தபோது இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கொட்டாவி விட்டவன் நான். அவர் சொல்வது இது: தம் பொருளைத் தாமே வழங்கும் உரிமையற்ற சிறுவர், சித்தம் கலங்கியோர் போன்றவரிடம் வென்றதும், ஆதாய ஆசையால் பிறரை ஆட்டத்துக்கு இழுத்து வென்றதும், வஞ்சித்து வென்றதும் வென்றவனுக்கு உரியதாகாது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நான் நின்றது நடுவில் உள்ள அந்த இரண்டாவது வரியில். "தம்பி, யாரையாவது நீயே அழைத்து வந்து ஆட வைத்தாயா?" என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். திரையில் ஆடியவர்கள் புனைபெயர்கள்; யாரென்றே தெரியாது. ஆனால் மொட்டை மாடியில் நண்பர்களோடு ஆடியதும் உண்டு. அவர்களுள் ஒருவர் அதே தெருவில் விருந்தினர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவர். ஹோல்டெம் நன்றாக ஆடுவார். இவரையே பலமுறை வென்றவர். அவருக்கு ஓமஹாவை இவரே கற்பித்தார். விதிகளைச் சொன்னார், ஹோல்டெமில் வெல்லும் கை இங்கே தோற்கும் என்பதைச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அவர் இழந்தது இருபத்திரண்டாயிரம். மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணமும் அதில் போயிற்று என்று பின்னால் தெரிந்தது.

"பொய் எதுவும் சொல்லவில்லை ஃபாதர்" என்றார். உண்மைதான். ஆசானாக அமர்ந்து பாதியைக் கற்பித்தார்; மீதிப் பாடத்தை விலைக்கு விற்றார். வாழ்வுக்கு இன்றியமையாததை ஒருவரிடமிருந்து பறிக்கும் நிலை வரும்போது அதிர்ஷ்ட ஆட்டங்கள் அறநெறிக்கு ஒவ்வாதவை ஆகின்றன என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கூறுகிறது. அந்தப் பள்ளிக் கட்டணம் அதைத்தான் நினைவூட்டியது.

கூரைக்கு அப்பணத்தை நான் ஏற்கவில்லை. யூதாசு எறிந்த வெள்ளிக்காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போட மறுத்த தலைமைக் குருக்களை நாம் வெளிவேடக்காரர் என்று ஏசுகிறோம். அன்று மாலை அவர்களுடைய தயக்கம் எனக்கு ஓரளவு புரிந்தது. அதேவேளை இளைஞரைக் குற்றவாளிபோல் அனுப்பவும் மனமில்லை. உரியவர் யாரென்று அறிய முடியாத பணம் ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்பது மரபு. எனவே முப்பத்தெட்டாயிரத்தை எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் கொடுத்தார். பெயர் எழுதவில்லை, ரசீது கேட்கவில்லை. அது தருமமன்று, திருப்பிச் செலுத்துதல் என்பதை அவரும் நானும் அறிவோம். தந்தையின் பெயரில் கல்வெட்டு வேண்டுமென்றால் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கொடு என்றேன். முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டார்.

மீதி இருபத்திரண்டாயிரத்தோடு சமையற்காரரின் வீட்டுக்குச் சென்றார். அவர் வாங்க மறுத்துவிட்டார். வாசலிலேயே நிறுத்தி, "நான் ஆடித் தோற்றேன். தோற்ற பணத்தை வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா?" என்று கேட்டாராம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியவனின் கடமையைப் பற்றி அறநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. பெற மாட்டேன் என்பவனின் மானத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் அதிகம் இல்லை. தான் ஏமாற்றப்பட்டதை ஒப்புக்கொள்வதைவிடப் பணத்தை இழப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கலாம். ஏமாற்றப்பட்டோம் என்றே அவர் கருதாமலும் இருக்கலாம். பாதிப் பாடம் மட்டுமே கற்றவருக்கு மீதிப் பாடம் இருந்தது என்பது எப்படித் தெரியும்?

இளைஞர் அந்தப் பணத்தை என்னிடமே விட்டுச் சென்றார். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சென்ற பௌர்ணமிக்கு முந்திய நாள், கிரிவலப் பாதையோரத்தில் அந்தச் சமையற்காரரைக் கண்டேன். நம் சமயத்தவர் அல்லர். ஆனால் கண்டால் கைகூப்புவார். நலம் விசாரித்துவிட்டு அவரே பேச்சை எடுத்தார்: "சாமி, உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். அந்த நாலு சீட்டு ஆட்டத்தை முதலில் எனக்கு முழுசாகச் சொல்லிக்கொடுக்கட்டும். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்."

சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு மாலை பங்கு அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று இளைஞர் கேட்டிருக்கிறார்.